ஸ்கார்ப்: முறிமுகம்

மலைப்பாங்கான ஆற்று நீர்ப்பிடிப்புப் பகுதியில் நிலச்சரிவுகளை வரைபடத்தில் குறிப்பவர் முதலில் தேட வேண்டியது, மண் பிய்ந்து போன இடத்தை. கீழே வந்து விழுந்த குவியலை ஆறு அரித்துவிடும், காடு மூடிவிடும், உழவு மட்டமாக்கிவிடும். மேலே பிய்ந்த இடமோ பெரிய சரிவுகளில் நெடுங்காலம் நிலைக்கும். அசையாமல் நின்ற நிலத்தின் விளிம்பில் இப்படி வெளிப்படும் செங்குத்தான முகத்துக்கு நிலவியலில் ஸ்கார்ப் என்று பெயர்.

இது இத்தாலிய மொழியின் ‘ஸ்கார்ப்பா’விலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. கோட்டை கட்டுவோரின் சொல். மதிலின் சாய்ந்த அடிப்புறத்தைக் குறித்தது. அகழியின் மதில் பக்கச் சுவர் ஸ்கார்ப், எதிர்ப்பக்கச் சுவர் கவுண்டர்ஸ்கார்ப். பிரெஞ்சு வழியாக வந்த எஸ்கார்ப்மென்ட்டும் இதே குடும்பம். நிலவியல் இச்சொல்லை எடுத்துக்கொண்டது தோற்றத்தைப் பார்த்து. அதனால், உருவான விதம் வேறு வேறாக இருந்தும், நிலச்சரிவின் மேல்விளிம்பு, புவிப்பிளவு ஏற்றி இறக்கிய நிலவிளிம்பு, கடினப் பாறை அடுக்கின் அரிமான விளிம்பு ஆகிய மூன்றுக்கும் ஒரே பெயர் ஒட்டிக்கொண்டது.

நிலச்சரிவைப் பொறுத்தவரை பொருள் தெளிவானது. பன்னாட்டுப் பொறியியல் நிலவியல் சங்கத்தின் நிலச்சரிவுக் குழு 1990இல் பரிந்துரைத்த பெயர்த்தொகுதியில், நகர்ந்த பொருள் விலகிப் போனதால் அசையாத நிலத்தில் தோன்றும் செங்குத்து முகம் முதன்மை ஸ்கார்ப். வழுக்குத் தளத்தின் வெளியே தெரியும் பகுதி அதுவே. நகர்ந்த பொருளுக்குள் ஒரு பகுதி முந்தியும் ஒரு பகுதி பிந்தியும் போவதால் உண்டாகும் முகங்கள் சிறு ஸ்கார்ப்புகள். முதன்மை முகத்துக்கு மேலே அசையாமல் இருக்கும் நிலம் உச்சி.

தமிழில் இதைச் ‘சரிவு’ என்றோ ‘செங்குத்துச் சரிவு’ என்றோ எழுதுவதை ஏற்க முடியாது. சரிவு என்றால் சாய்ந்த நிலமும் ஆகும், சரிந்து விழுதலும் ஆகும். ‘சரிவின் மேல் சரிவு 12 மீட்டர்’ என்று களக்குறிப்பில் எழுதினால் படிப்பவருக்கு எதுவும் விளங்காது. ஓங்கல் அழகான பழஞ்சொல். ஆனால் அது மலையையும் உயரத்தையும் குறிப்பது, உடைந்தது என்ற செய்தி அதில் இல்லை. நாங்கள் முன்வைப்பது முறிமுகம். நிலம் முறிந்ததும், முறிந்த முகம் தெரிவதும் அதில் அடங்குகின்றன. தலை முறிமுகம் (முதன்மை ஸ்கார்ப்), சிறு முறிமுகம், பிளவு முறிமுகம் (புவிப்பிளவால் ஆனது) எனப் பிரித்தும் வழங்கலாம். அரிமானத்தால் உருவான எஸ்கார்ப்மென்ட்டுக்கு இது பொருந்தாது. அதற்குக் குத்துச்சாய்வு போதும். ஆங்கிலம் ஒன்றாக்கியதைத் தமிழில் பிரித்தே சொல்லலாம்.

இனி, வரையும் முறை. லைடார் (லேசர் ஒளியால் நிலத்தை அளக்கும் முறை) தரவில் மரங்களை நீக்கிய தரை மாதிரி கிடைத்தால், அதன் மேல் ஒரு பக்கத்திலிருந்து ஒளி விழுவதுபோல் மேடுபள்ளங்களுக்கு நிழல் தரும் படத்தைக் கணினியில் உருவாக்கிப் பாருங்கள். ஒளியை வடமேற்கிலிருந்து மட்டும் விழவைத்து நிறுத்திவிடாதீர்கள். ஒளி வரும் திசைக்கு இணையாக ஓடும் முறிமுகம் நிழல் விழாமல் மறைந்துவிடும். குறைந்தது இரண்டு திசைகளில் ஒளி தந்து, சாய்வுக்கோணப் படத்தையும் அருகில் வைத்து ஒப்பிட வேண்டும். முறிமுகத்தின் மேல்விளிம்பில் கோடு வரைந்து, சிறு பற்களைக் கீழ்நோக்கி இடுவது வழக்கம். 1:50,000 அளவு வரைபடத்தில் 1 மில்லிமீட்டர் 50 மீட்டர். பெரும்பாலான முறிமுகங்கள் அதில் வெறும் கோடுதான். 1:10,000இல் அது 10 மீட்டராகும்போதுதான் தலை, உடல், அடி என்று பிரித்து வரைய இடம் கிடைக்கும்.

பிறை வடிவம், அதன் உள்வளைவு கீழ்நோக்கி, அடியில் மேடுபள்ளமான குவியல்: இவை நிலச்சரிவு முறிமுகத்தின் அடையாளங்கள். பிளவு முறிமுகம் மேடு, பள்ளத்தாக்கு என்று பாராமல் அவற்றைக் குறுக்கே வெட்டி நீளமாக ஓடும். ஆனாலும் நேராக இருப்பதெல்லாம் புவிப்பிளவு என்று முடிவு கட்டக் கூடாது. பாறை அடுக்குகள் மலைச்சாய்வின் திசையிலேயே, அதைவிடக் குறைந்த கோணத்தில் சாய்ந்திருந்தால், பாறைத் தட்டு அடுக்குத் தளத்தின் மேல் வழுக்கி இறங்கும். அதன் தலை, பாறை வெடிப்பு ஒன்றை ஒட்டி நேர்கோடாகவே முறியும். நிலவியல் வரைபடமும் சரிவு வரைபடமும் ஒரே மேசையில் இருக்க வேண்டிய காரணம் இதுதான். மலைமுகட்டுக்கு அருகே மேல்நோக்கிப் பார்க்கும் முறிமுகங்களும் உண்டு. அவை மலையே ஆழத்தில் மெல்லத் தொய்வதன் தடயம், சாதாரணச் சரிவின் தலையாகக் கணக்கிடக் கூடாதவை. ஆற்றின் பழைய படித்தளங்களின் விளிம்பும், சாலைக்கு வெட்டிய முகமும் படத்தில் ஏமாற்றும். நேரில் போய்ப் பார்ப்பதே வழி.

களத்தில் முகத்தின் திசை, சாய்கோணம், உயரம், வெளிப்பட்டிருப்பது பாறையா சிதைந்த மண்ணா, நீர் கசிகிறதா என்பவற்றைக் குறிக்க வேண்டும். உயரத்தை முகத்தின் வழியே நாடா பிடித்து அளந்தால் அப்படியே எழுதிவிடக் கூடாது. 60 பாகை சாய்ந்த முகத்தில் 10 மீட்டர் நாடா நீளம் என்றால் செங்குத்து உயரம் ஏறத்தாழ 8.7 மீட்டர். இந்த உயரத்தைச் சரிவின் ஆழமாக எடுத்துக்கொள்வது இன்னும் பெரிய தவறு. கன அளவைத் தோராயமாகக் காண நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கி, பை (π, ஏறத்தாழ 3.14) என்ற எண்ணாலும் பெருக்கி 6ஆல் வகுப்பார்கள். அதிலுள்ள ஆழம், வழுக்குத் தளத்தின் மிகுந்த ஆழம். முகத்தின் உயரத்தை அங்கே போட்டால் விடை பல மடங்குகூடப் பிசகலாம்.

சரிவு முழுவதையும் ஒரே பரப்பாக வரைவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அப்படிச் செய்த பதிவேட்டைக் கணினி மாதிரிக்குக் கொடுத்தால், மண் போய்க் கிடந்த மென்சாய்வு நிலமும் ‘சரியும் நிலம்’ என்று சேர்ந்துகொள்ளும். அபாய வரைபடம் தட்டையான பள்ளத்தாக்கைச் சிவப்பாக்கும், உண்மையில் முறியக்கூடிய மேல்சாய்வை மங்கலாக்கும். தலை முறிமுகத்தோடு கூடிய முறிந்த பகுதியைத் தனியாகவும், படிந்த பகுதியைத் தனியாகவும் வரைந்து இரண்டுக்கும் ஒரே எண் கொடுத்தால் இது தீரும்.

முறிமுகம் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. தாங்கல் இழந்த உச்சி மேலும் மேலும் உடைந்து பின்வாங்கும். ஆகவே கோட்டோடு அது எந்த ஆண்டின் படத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் எழுத வேண்டும். உச்சியில் பிறை போன்ற விரிசல்கள் இருந்தால் விளிம்புக்குப் போகாமல், விரிசலின் இருபுறமும் முளை அடித்து இடைவெளியைக் குறித்த நாட்களில் அளந்துவர வேண்டும். இடைவெளி வேகம் கூடிக்கொண்டே விரிந்தால், கீழே இருப்பவர்களுக்கு அன்றே தகவல் போக வேண்டும்.