கிளேசியர்: பனிப்பாறையா, பனியாறா?

பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலையிலுள்ள ஷாமொனி பள்ளத்தாக்கைப் பற்றிய ஒரு பயணக் குறிப்பின் மொழிபெயர்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன். "பனிப்பாறையைக் கடந்து சிகரத்தை அடைந்தார்கள்" என்று ஒரு வரி. அடுத்த பக்கத்தில் "பனிப்பாறை மெல்ல நகர்ந்து பள்ளத்தாக்குக்கு இறங்குகிறது" என்று இன்னொரு வரி. பாறை எப்படி நகரும்? மூலத்தில் இருந்த சொல் கிளேசியர், மலைச்சரிவில் மெல்ல வழிந்திறங்கும் பெரும் பனித்திரள். அதற்குப் பனியாறு என்ற நல்ல சொல் பள்ளிப் புவியியல் பாடத்திலேயே இருக்கிறது. ஆனாலும் செய்திகளிலும் பயணக் கட்டுரைகளிலும் பனிப்பாறைதான் திரும்பத் திரும்ப வருகிறது. கடலில் மிதக்கும் ஐஸ்பெர்க்குக்கும் அதே சொல். டைட்டானிக் மோதியதும் பனிப்பாறை, ஆல்ப்ஸில் மலையேறிகள் கயிறு கட்டிக்கொண்டு கடப்பதும் பனிப்பாறை என்றால், படிக்கிறவர் மனத்தில் என்ன படம் வரும்?

கிளேசியர் என்ற சொல் பிறந்ததே அந்த மலைப்பக்கத்தில்தான். ஆங்கிலம் அதைப் பிரெஞ்சிலிருந்து எடுத்தது. பிரெஞ்சு அதை மேற்கு ஆல்ப்ஸின் சவோய் பகுதிப் பேச்சுவழக்கிலிருந்து எடுத்தது. வேர், பனிக்கட்டியைக் குறிக்கும் கிளாசியேஸ் என்ற லத்தீன் சொல். 1741இல் வில்லியம் விண்டம், ரிச்சர்ட் போக்கோக் என்ற இரு ஆங்கிலேயர் ஷாமொனிக்கு வந்து, மோன்டன்வேர் மேட்டில் ஏறிக் கீழே கிடந்த பனியைப் பார்த்தார்கள். பெருங்காற்றில் அலைபாயும் ஏரி சட்டென்று உறைந்துபோனதுபோல இருக்கிறது என்று விண்டம் எழுதினார். அந்தக் குறிப்பு 1744இல் லண்டனில் அச்சானது. அந்தப் பனிக்கு இன்றைக்கும் மேர் து கிளாஸ், அதாவது பனிக்கடல் என்றுதான் பெயர்.

வந்து பார்த்தவர்களுக்கு அது உறைந்து நின்ற நீர். ஊரில் இருந்தவர்களுக்கு அது நகரும் என்று முன்பே தெரியும். 17ஆம் நூற்றாண்டில் அந்தப் பனி வயல்களையும் வீடுகளையும் நெருங்கி வந்தபோது, 1644இல் கிறிஸ்தவ ஆயரை அழைத்து வந்து ஊர்வலமாகப் போய், மேலும் வராதிருக்க வேண்டிக்கொண்டார்கள். பாறைக்காக யாரும் அப்படி வேண்டிக்கொள்ள மாட்டார்கள்.

கிழக்கே ஆஸ்திரியப் பக்கத்து டிரோல் பகுதிக்குப் போனால் இதற்கு ஃபெர்னர் என்று பெயர். கடந்த ஆண்டின் பனி என்ற பொருளுள்ள பழைய ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. எனக்கு இந்தப் பெயர்மீது தனி மதிப்பு உண்டு, ஏனென்றால் பனியாறு எப்படி உண்டாகிறது என்பதை இந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது. உயரத்தில் விழுந்த புதுப்பனி கோடையில் முழுதும் உருகாமல் தங்கிவிடுகிறது. அதன்மேல் அடுத்த ஆண்டின் பனி. அடியில் இருப்பது அழுந்தி, காற்று வெளியேறி, மணிமணியாகி, கடைசியில் நீலம் பாய்ந்த கட்டியாகிறது. தடிமன் சில பத்து மீட்டரைத் தாண்டியதும் தன் எடையைத் தாங்க முடியாமல் சரிவில் வழியத் தொடங்குகிறது. புதுப்பனிக்கும் கட்டிக்கும் இடைப்பட்ட நிலையை ஜெர்மனில் ஃபிர்ன் என்பார்கள். தமிழில் பழம்பனி என்றால் போதும்.

வழிகிறது என்று எப்படித் தெரிந்தது? 1827இல் ஹூகி என்ற சுவிஸ் ஆய்வாளர் உன்டரார் பனியாற்றின்மேல் ஒரு குடிசை கட்டினார். 1841இல் அளந்தபோது அந்தக் குடிசை 1,400 மீட்டருக்கு மேல் கீழே போயிருந்தது. 1820இல் ஷாமொனிக்கு மேலே நிற்கும் மோன் பிளாங்க் சிகரத்தில் ஏறும்போது பனிச்சரிவில் சிக்கிய மூன்று வழிகாட்டிகள் பிளவுக்குள் விழுந்து மறைந்தார்கள். அவர்களுடைய எச்சங்கள் 1861இல் போசோன் பனியாற்றின் கீழ்முனையில் வெளியே வந்தன. கீழே வந்து சேர ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆகும் என்று ஸ்காட்லாந்து அறிவியலாளர் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் முன்பே கணித்திருந்தார்.

அந்த ஃபோர்ப்ஸ் 1842இல் மேர் து கிளாஸில் அளவெடுத்தவர். பனியின்மேல் வெளுப்பும் கறுப்புமாக மாறிமாறி ஓடும் பட்டைகளைக் கவனித்தவரும் அவரே. மேலே செங்குத்தான ஒரு பனியருவி இருக்கிறது. அதில் நொறுங்கி இறங்கும் பனி, கோடையில் ஒரு பட்டையாகவும் குளிரில் ஒரு பட்டையாகவும் கீழே சேர்கிறது. ஒரு சோடி பட்டை என்றால் ஓர் ஆண்டு. பட்டைகள் நேர்கோடாக இல்லாமல் வில்லாக வளைந்திருக்கின்றன, வில்லின் வயிறு கீழ்நோக்கி இருக்கிறது. ஓரத்துப் பனி பாறையில் உரசித் தயங்க, நடுப்பனி முந்திப் போவதால் வரும் வளைவு இது. கரையோரம் மெதுவாகவும் நடுவில் வேகமாகவும் ஓடும் எந்த ஆற்றிலும் பார்க்கிற அதே நடை.

அதனால் பனியாறு. ஆறு என்றால் ஓடும் நீர்தானே, கெட்டியான பனியை எப்படி ஆறு எனலாம் என்று சிலர் கேட்பதுண்டு. ஆறு என்ற சொல்லுக்கு வழி என்ற பொருளும் இருக்கிறது. ஆற்றுப்படை என்றால் வழிப்படுத்துவது. அவ்வாறு, எவ்வாறு என்று நாள் முழுக்க எழுதுகிறோமே, அதுவும் அந்த ஆறுதான். பனி செல்லும் வழி பனியாறு. லத்தீன் வேர் பனிக்கட்டி என்பதோடு நின்றுவிடுகிறது. தமிழ்ச் சொல்லில் நகர்வும் சேர்ந்தே இருக்கிறது.

பனி என்ற பகுதியிலும் ஒரு சிக்கல் உண்டு. முன்பனி, பின்பனி என்னும்போது அது குளிரும் ஈரமுமான பனி. புல்லில் நிற்பதும் பனி. கண்ணை மறைக்கும் மூட்டமும் பனி. அதனால் சிலர் உறைபனியாறு என்று நீட்டுகிறார்கள். எனக்கு அது தேவையாகத் தெரியவில்லை. "பனிபடு நெடுவரை" என்று புறநானூறு இமயத்தைச் சொல்லும்போதே, மலைமேல் உறைந்து கிடக்கும் பனிக்கு இந்தச் சொல் போதுமானதாக இருந்திருக்கிறது.

மலைமேல் இருக்கும் எல்லாப் பனியும் பனியாறு இல்லை. 1991இல் ஆஸ்திரிய-இத்தாலிய எல்லையில் 3,210 மீட்டர் உயரத்தில் ஏட்ஸி என்று பெயர் பெற்ற மனித உடல் கிடைத்தது. வயது 5,000 ஆண்டுகளுக்கு மேல். அவர் கிடந்தது பாறை வரம்புகளுக்கு நடுவே ஒரு பள்ளம். அதற்குள் இருந்த பனி நகரவில்லை. நகர்ந்திருந்தால் மோன் பிளாங்க் வழிகாட்டிகளைப்போல அவரும் சில பத்தாண்டுகளிலோ சில நூற்றாண்டுகளிலோ கீழே வந்து சிதைந்திருப்பார். இப்படி நகராத பனியைப் பனித்திட்டு என்று பிரித்துச் சொல்வது நல்லது. பனிப்பாறையைக் கடலுக்கே விட்டுவிடலாம்.

சரி, பனியாற்றுக்கு மேலே நிற்கும் உச்சிகள்? பிரெஞ்சுப் பக்கம் அவை ஊசி, பல் என்று பெயர் பெறுகின்றன: எகுயி து மிடி, தான் பிளான்ஷ். ஜெர்மன் பக்கம் கொம்பு: மேட்டர்ஹார்ன், வைஸ்ஹார்ன். தமிழில் கோடு என்ற சொல்லுக்கும் விலங்கின் கொம்பு, மலையுச்சி என்று இரண்டு பொருளும் உண்டு. பனியாறுகள் நாலாபக்கமும் செதுக்கிக் கூராக்கிய இப்படிப்பட்ட உச்சியைப் புவியியலில் ஹார்ன் என்பார்கள். அதற்குக் கோடு என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. வெறும் சிகரம் என்றால் அந்தக் கூர்மை வராது. ஆல்ப் என்பதோ அங்குள்ளவர் பேச்சில் உச்சியே இல்லை, மேய்ச்சல் சரிவு.

கடைசியாக ஒரு வினைச்சொல். "பனிப்பாறைகள் பின்வாங்குகின்றன" என்று எழுதுகிறோம். பனியாறு ஒருநாளும் பின்னோக்கிப் போவதில்லை. முனையில் உருகும் வேகம், மேலிருந்து பனி வந்து சேரும் வேகத்தைத் தாண்டும்போது முனை மேலேறுகிறது, அவ்வளவுதான். பனியாறு சுருங்குகிறது என்றால் சரியாக இருக்கும். 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தம் பருமனில் ஏறத்தாழ 10 விழுக்காட்டை இழந்தன. மோன்டன்வேரில் மேட்டிலிருந்து பனிக்கு இறங்கும் வழியில், எந்த ஆண்டில் பனி எதுவரை இருந்தது என்று பலகை வைத்திருக்கிறார்கள். 1990 என்று எழுதிய பலகையைத் தாண்டியும் வெகுதூரம் இறங்க வேண்டியிருக்கிறது. நான் திருத்திய குறிப்பில் அந்த இடத்துக்கு வந்தபோது, "பனிப்பாறை பின்வாங்கிவிட்டது" என்பதை அடித்துவிட்டு, "பனியாறு இவ்வளவு தாழ்ந்துவிட்டது" என்று எழுதினேன்.