ஃபெரோஎலெக்ட்ரிக்கில் இரும்பு எங்கே?

கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரிக் கண்காட்சியில் மறுபடியும் அதே பலகை: "நெகிழும் கலப்பின இரும்புமின் ஆற்றல் அறுவடைக் கருவி". வளைத்தால் மின்சாரம் தருகிற கருவி என்பதைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். அதில் 'ஃபெரோஎலெக்ட்ரிக்' என்பதற்குப் போட்ட இரும்புமின் என்ற சொல்லை இனியாவது தலைமுழுகிவிடலாம்.

'ஃபெரோ' லத்தீனில் இரும்புதான், மறுக்கவில்லை. ஆனால் பொருளில் இரும்பு இருப்பதால் வந்த பெயரல்ல இது. காந்தமேற்றிய இரும்பில் காந்தப்புலத்தை எடுத்த பிறகும் காந்தம் தங்கும். எதிர்ப்புலம் கொடுத்தால் திசை மாறும். சில பொருள்களின் மின்முனைவும், அதாவது ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் என்று மின்னூட்டம் பிரிந்து நிற்பதும், மின்புலத்தில் அப்படியே நடந்துகொள்வதால் பெயரை இரவல் வாங்கினார்கள், அவ்வளவுதான். 1920இல் ஜோசப் வாலசெக் இந்தக் குணத்தைக் கண்டது ரோஷெல் உப்பில். அது சோடியம் பொட்டாசியம் டார்டரேட். இதே குணமுள்ள பேரியம் டைட்டனேட் என்ற பீங்கானிலும் இரும்பு கிடையாது. வளையும் கருவிகளில் போடுகிற பி.வி.டி.எஃப். ஒரு பிளாஸ்டிக். நம் வீட்டு கேஸ் லைட்டரை 'டக்' என்று அழுத்தினால் பொறி தருவது பெரும்பாலும் இவ்வகைப் பீங்கான்தான். அதில் ஈயம் உண்டு, இரும்பு இல்லை. வியாசர்பாடி காயலான் கடைக்காரர் காந்தத்தை வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார்.

இதே குடும்பத்துப் பிஸ்மத் ஃபெரைட்டில் இரும்பு இருக்கிறதே என்று நண்பர் ஒருவர் மடக்கினார். இருக்கட்டும். அந்த ஒன்றுக்காக மொத்தக் குடும்பத்துக்கும் இரும்பு என்று இனிஷியல் போடுவதா? 'அயமின்' என்பாரும் உண்டு. அயமும் இரும்புதானே, சட்டையை மாற்றினால் ஆள் மாறிவிடுவாரா? ரஷ்யர்களைப் பாருங்கள், இரும்பைத் தொடவே இல்லை. பிரான்ஸில் லா ரோஷெல் ஊரில் அந்த ரோஷெல் உப்பைச் செய்த மருந்துக்காரர் சேன்யெத்தின் பெயரால் 'செக்னெட்டோ எலெக்ட்ரிக்' என்கிறார்கள்.

தமிழில் குணத்தைச் சொன்னால் போதும். 'தன்முனைவு' மட்டும் பற்றாது. டூர்மலின் என்ற கனிமத்திலும் முனைவு தானாகவே இருக்கிறது, ஆனால் புலம் கொடுத்துத் திருப்ப முடியாது. திருப்ப முடிவதுதான் இங்கே விஷயம். 'திருப்புமுனை மின்பொருள்' என்றால் சினிமா விமர்சனம் மாதிரி ஆகிவிடும். அதனால் என் ஓட்டு 'முனைமாறு மின்பொருள்' என்பதற்கு.

அப்புறம் 'ஹைபிரிட்' என்பதற்குப் போட்ட அந்தக் 'கலப்பினம்'. அது மாட்டுக்கும் நெல்லுக்கும் உரிய சொல். இங்கே நடப்பது வேறு: கரிம அயனியும் உலோக ஹாலைடும் (உலோகம் குளோரின், அயோடின் போன்றவற்றோடு சேர்ந்தது) சேர்ந்த படிகத்தைப் பாலிமரில், அதாவது பிளாஸ்டிக் மாதிரிப் பொருளில், பொதிகிறார்கள். பீங்கான் வளைத்தால் உடையும். இந்தப் படலம் வளையும், வளையும்போது இரு பக்கமும் மின்னூட்டம் தோன்றும். இதைக் 'கரிம-கனிம' என்றாலே தெளிவாகிவிடுகிறது. ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்து ஒட்டுகிற பழக்கம் மொழிபெயர்ப்பாளர்களை விடமாட்டேன் என்கிறது.

'அறுவடை'யை மட்டும் விட்டுவைக்கலாம். விதைக்காமல் என்ன அறுவடை என்று எனக்கும் எரிச்சல்தான்; ஆனால் 'சேகரிப்பு' என்று போட்டால் எல்லாரும் பேட்டரி என்று நினைத்துக்கொள்வார்கள்.