வால்வை 150 எம்எம் தள்ளச் சொன்னால்

ஆலையின் பைப்புகளைக் கணினியில் முப்பரிமாண மாடலாக வரைகிறோம். அந்த மாடலைப் பரிசீலிக்கும் மாடல் ரிவ்யூ முடிந்து வரும் குறிப்புகளில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். இந்த வால்வைக் கொஞ்சம் கிழக்கே தள்ளு, அந்த லைனை கேபிள் டிரேக்குக் கீழே இறக்கு. திரையில் இது அரை நிமிட வேலை. ஆனால் பைப்பிங் டிசைனில் இத்தனை வருடத்தில் நான் பார்த்த சைட் சிக்கல்களில் பல, அந்த அரை நிமிடத்தில் பிறந்தவைதான். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தவறு. ஒரு பைப் ரேக்கில் (பைப்புகளைத் தாங்கும் ஸ்டீல் சட்டம்) 6 இஞ்ச் லைனும் 8 இஞ்ச் லைனும் அக்கம்பக்கமாகப் போகின்றன. 6 இஞ்ச் லைனின் வால்வை, பக்கத்து 8 இஞ்ச் லைனின் வால்வோடு ஒரே வரிசையில் நிறுத்தச் சொன்னார்கள். நகர வேண்டிய தூரம் 150 எம்எம். மேலிருந்து பார்க்கும் பிளான் வியூவில் வேலை செய்துகொண்டிருந்தேன். 8 இஞ்ச் வால்வின் மையத்திலிருந்து குறுக்கே ஒரு உதவிக்கோடு இழுத்தேன். 6 இஞ்ச் வால்வை அதன் இரண்டு ஃபிளேஞ்சோடு (போல்ட் போட்டு இணைக்கும் வளையங்கள்) சேர்த்து எடுத்து, கோட்டின் மேல் ஸ்நாப் செய்து, அதாவது மென்பொருளே புள்ளியைப் பிடித்துக்கொள்ளும்படி, வைத்தேன். பிளானில் அச்சு அசலாகப் பொருந்தியது.

இரண்டு லைனும் ஒரே ஸ்டீலின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. அடிப்பக்கம் ஒரே உயரம் என்றால் மையம் ஒரே உயரத்தில் இருக்காது. 8 இஞ்ச் பைப்பின் வெளிவிட்டம் 219.1 எம்எம், 6 இஞ்சுக்கு 168.3. இரண்டின் பாதியையும் எடுத்து, பெரியதில் சிறியதைக் கழித்தால் வித்தியாசம் 25.4 எம்எம், சரியாக ஒரு இஞ்ச். நான் இழுத்த கோடு 8 இஞ்ச் லைனின் மைய உயரத்தில் இருந்தது. அதனால் வால்வு கிழக்கே போனதோடு ஒரு இஞ்ச் மேலேயும் ஏறிவிட்டது. நான் கவனிக்கவில்லை. வால்வுக்கு அந்தப் பக்கம் பைப்பை அந்தப் புது உயரத்திலேயே இழுத்து முடித்தேன். இந்தப் பக்கம் லைன் துண்டாகி நின்றது. துண்டிப்பைக் காட்டும் குறியை, கண்ணை உறுத்துகிறது என்று நானே அணைத்து வைத்திருந்தேன். ஐசோ, அதாவது சைட்டுக்குப் போகும் ஐசோமெட்ரிக் பைப் டிராயிங், இரண்டு ஷீட்டாக வந்தது. நீளமான லைன், இரண்டு ஷீட் வருவது சகஜம் என்று விட்டுவிட்டேன்.

சைட்டில் இருந்து ஃபிட்டர் கூப்பிட்டார். "சார், பைப் கீழ நிக்குது, ஃபிளேஞ்ச் மேல நிக்குது. அந்தப் பக்கம் பைப் ரேக்குல உட்காரவே இல்ல, கட்டைவிரல் நுழையுது" என்றார்.

அந்த மனிதருக்கு இன்றைக்கும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். அவசரத்தில் இருக்கும் வேறொருவர் செயின் பிளாக் என்ற சங்கிலிக் கப்பி போட்டு இழுத்து ஒட்டியிருப்பார். அப்படி இழுத்து வைத்த விசை லைனுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் பம்ப் இருந்தால் அதன் நாசில் (பைப் இணையும் வாய்) அந்தச் சுமையைச் சுமக்க வேண்டி வரும், இல்லையென்றால் ஃபிளேஞ்சுகளுக்கு நடுவில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் கசியும். ஆலை பைப்பிங்குக்கான ஏ.எஸ்.எம்.இ. பி31.3 விதிப்படி, எதிரெதிர் ஃபிளேஞ்சுகளின் போல்ட் துளைகள் அதிகபட்சம் 3 எம்எம் விலகலாம். முகங்கள் 200 எம்எம் அகலத்துக்கு 1 எம்எம்-க்கு மேல் சாய்ந்திருக்கக் கூடாது. ஃபிட்டருக்கு இவ்வளவு கறாரான அளவு வைத்திருக்கிறோம். அவர் கைக்கு நான் அனுப்பியது 25 எம்எம் பிழை.

ஆட்டோகேட் சார்ந்த மென்பொருளில் இதற்கு ஒரு தடுப்பு உண்டு. ஓஸ்நாப்-இசட் என்ற செட்டிங்கை 1 ஆக வைத்தால், ஸ்நாப் பிடிக்கும் புள்ளியின் உயரத்தை விட்டுவிட்டு நடப்புத் தளத்தின் உயரத்தை எடுத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் மறக்காமல் 0 ஆக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்து வரைவதெல்லாம் அதே உயரத்துக்குப் போய்விடும். இதைவிட நல்ல பழக்கம், சாதாரண மூவ் கட்டளையை விட்டுவிட்டு, வால்வின் மேல் தெரியும் பிடியைப் பிடித்து லைன் போக்கிலேயே நகர்த்துவது. பிடிஎம்எஸ் என்ற ஆலை வடிவமைப்பு மென்பொருள் மாதிரியானவற்றில் இரண்டு பாகங்கள் நேர்கோட்டில் இல்லாவிட்டால், பைப் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளிக்கோடுதான் வரும். அதையும், மாடலில் உள்ள முரண்களைப் பட்டியலிடும் டேட்டாகான் ரிப்போர்ட்டையும் பார்க்காமல் ஐசோ எடுக்கவே கூடாது.

உயரம் சரியாக இருந்தாலும் வேலை முடிந்ததாகாது. ஒவ்வொரு பாகத்துக்கும் தான் நிற்கும் இடத்தோடு ஒரு உறவு இருக்கிறது, அது மாடலில் தெரியாது. ஓட்டத்தை அளக்கும் ஆரிஃபிஸ் தகட்டுக்கு முன்னும் பின்னும் எல்போ (வளைவு) இல்லாத நேர் பைப் வேண்டும். முன்னால் 20 மடங்கு விட்டம் கேட்டிருந்தால், 6 இஞ்ச் லைனில் அது மூன்று மீட்டருக்கு மேல். இடம் நெருக்கடி என்று அதில் ஒரு மீட்டரைத் தின்றால், பாகங்கள் ஒன்றோடொன்று மோதுவதைக் காட்டும் கிளாஷ் ரிப்போர்ட் வாயே திறக்காது, ஓட்டத்தை அளக்கும் கருவி மட்டும் தப்பாகக் காட்டிக்கொண்டே இருக்கும். படுக்கை லைனில் இருந்த ஸ்விங் வகை செக் வால்வை (ஓட்டத்தை ஒரே திசையில் விடும் கதவு வால்வு), கீழ்நோக்கி ஓடும் செங்குத்து பைப்புக்கு மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே கதவு தொங்கித் திறந்தே கிடக்கும், திரும்பி வரும் ஓட்டத்தைத் தடுக்காது. சேஃப்டி வால்வைக் கொஞ்சம் கீழே இறக்கினால், அது ஃபிளேர் ஹெடருக்கு (வெளியேறுவதை எரிக்கும் இடத்துக்குக் கொண்டுபோகும் பெரிய பைப்) கீழே போய், வெளியேறும் பைப்பில் திரவம் தேங்கும் பள்ளம் உருவாகிவிடும். சூடான லைன் என்றால் சப்போர்ட்டைத் தொடும் முன் ஸ்ட்ரெஸ் இன்ஜினியரிடம் போக வேண்டும். கார்பன் ஸ்டீல் 100 டிகிரி சூடேறினால் மீட்டருக்குச் சுமார் 1.2 எம்எம் நீளும். 30 மீட்டர் லைன் 36 எம்எம் நகரப் பார்க்கும். ஸ்ட்ரெஸ் இன்ஜினியர் கணக்குப் போட்டது சப்போர்ட்டின் பழைய இடத்துக்கு.

இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோவில் 1974-ல் நடந்ததை நான் எல்லா ஜூனியர்களுக்கும் சொல்வதுண்டு. ஒரு ரசாயன ஆலையில் வரிசையாக நின்ற ரியாக்டர்களில் (ரசாயன வினை நடக்கும் கலன்கள்) ஐந்தாவதில் விரிசல் கண்டு அதைக் கழற்றினார்கள். நாலாவதையும் ஆறாவதையும் இணைக்க 20 இஞ்ச் பைப் ஒன்றைப் போட்டார்கள். இரண்டு வாயும் ஒரே உயரத்தில் இல்லாததால் பைப்பில் இரண்டு வளைவு வைக்க வேண்டி வந்தது. முறையான கணக்கோ டிராயிங்கோ கிடையாது. பட்டறைத் தரையில் சாக்பீஸால் வரைந்த படம்தான் இருந்தது. இரண்டு முனையிலும் இருந்த பெல்லோஸ் (நெளிந்து கொடுக்கும் மடிப்பு இணைப்பு), வளைந்த பைப்பில் அழுத்தம் உண்டாக்கும் திருகலைத் தாங்குமா என்று யாரும் பார்க்கவில்லை. ஜூன் 1 அன்று அந்த இணைப்பு உடைந்து, வெளியேறிய ஆவி வெடித்து 28 பேர் இறந்தார்கள். சனிக்கிழமை என்பதால் ஆலையில் ஆட்கள் குறைவு.

என் முறை இப்போது இதுதான். நகர்த்தும் முன் பழைய ஆயத்தொலைவைக் குறித்து வைக்கிறேன். நகர்த்தியபின் இரண்டு பக்கவாட்டு வியூவில் பார்க்கிறேன். சப்போர்ட் கூடவே வந்ததா, கேஸ்கெட்டும் போல்ட்டும் ஐசோவின் பொருள் பட்டியலில் இன்னும் இருக்கின்றனவா, கைச்சக்கரத்தை ஒரு ஆள் நின்று திருப்ப இடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். புது ஐசோவைப் பழைய ஐசோவின் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு அளவாகச் சரிபார்க்கிறேன். ஷீட் எண்ணிக்கை கூடியிருந்தால் ஏன் என்று தெரியும் வரை வெளியே அனுப்புவதில்லை. அப்புறம், ஏற்கெனவே வெளியான லைன் என்றால், பழைய ஐசோவை வைத்து ஸ்பூல் (முன்கூட்டியே வெட்டி ஒட்டும் பைப் துண்டு) வெட்டியாகிவிட்டதா என்று பட்டறைக்கு ஃபோன் செய்து கேட்டபிறகுதான் மவுஸைத் தொடுகிறேன்.