"நீங்கள் இந்தியரா?" டல்சாவில் இந்தக் கேள்விக்குப் பொருள் வேறு

சில மாதங்களுக்கு முன் ஓர் இளம் தமிழ்த் தம்பதி என் அலுவலகத்துக்கு வந்தார்கள். அடுக்குமாடி வாசலில் நிறுத்தியிருந்த அவர்கள் காரின் கண்ணாடியை யாரோ உடைத்து லேப்டாப்பை எடுத்துப் போய்விட்டார்கள். ஆள் பிடிபட்டாயிற்று. ஆனால் மாநில அரசு வழக்கறிஞர் இந்த வழக்கை எடுக்க முடியாது, மஸ்கோகி என்ற பழங்குடி நாட்டின் நீதிமன்றத்துக்குப் போகிறது என்று கடிதம் வந்திருக்கிறது. கூடவே ஒரு படிவம். அதில் 'இந்தியர்', 'இந்தியர் அல்லாதவர்' என்று இரண்டு கட்டம். அந்தப் பெண் முதல் கட்டத்தில் டிக் அடித்திருந்தார்.

"நாங்க இந்தியர்தானே மேடம்?"

"இல்லம்மா, இந்தச் சட்டத்துல இந்தியர்னா அமெரிக்கப் பூர்வகுடியினர். நீங்க இந்தியர் இல்லை" என்று சொல்லி, வேறு படிவம் எடுத்துக் கொடுத்தேன்.

டல்சா இருக்கும் அமெரிக்க மாநிலமான ஓக்லஹோமாவில் வழக்கறிஞராக இருப்பவர்கள் இப்போது எந்த வழக்கிலும் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். சம்பவம் எங்கே நடந்தது? சம்பந்தப்பட்டவர்கள் பூர்வகுடியினரா? இந்தக் கேள்விகளுக்கு இவ்வளவு எடை வரக் காரணம் 2020 ஜூலை 9 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த மெக்கர்ட் தீர்ப்பு. 1830களில் அமெரிக்க ஆட்சியாளர்கள் மஸ்கோகி மக்களை அவர்களின் தென்கிழக்கு மண்ணிலிருந்து விரட்டி, 'கண்ணீர்ப் பாதை' என்று பேர் வாங்கிய வழியாக இங்கே கொண்டுவந்தபோது, "இனி இது உங்கள் நிலம்" என்று ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார்கள். 1907இல் ஓக்லஹோமா மாநிலமானது. அதற்கு முன்னும் பின்னும் நிலத்தைத் துண்டுபோட்டார்கள், பிடுங்கினார்கள், விற்றார்கள். ஆனால் அந்த எல்லையை ரத்து செய்கிறோம் என்று நாடாளுமன்றம் ஒருநாளும் சட்டம் போடவில்லை. போடாததால் எல்லை இன்றும் உயிரோடு இருக்கிறது என்று ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் சொன்னார்கள். அந்த எல்லைக்குள்தான் டல்சாவின் பெரும்பகுதி வருகிறது. பிறகு மாநில நீதிமன்றங்கள் செரோகி, சிக்கசா, சாக்டா, செமினோல் நாடுகளுக்கும் இதையே பொருத்தின. மாநிலத்தின் கிழக்குப் பாதி கிட்டத்தட்ட முழுவதும் இதில் அடக்கம்.

இதைக் கேட்டதும் நம்மவர்கள் பதறுவது வீட்டுப் பத்திரத்தை நினைத்துத்தான். உங்கள் பத்திரத்துக்கு ஒன்றும் ஆகாது. தீர்ப்பு பேசியது குற்ற வழக்கை யார் விசாரிப்பது என்பதைப் பற்றி. அதன்படி, இந்த எல்லைக்குள் நடக்கும் குற்றத்துக்காகப் பூர்வகுடியினர் மேல் வரும் வழக்கு கூட்டாட்சி அரசிடமோ பழங்குடி நாட்டிடமோ போகும், மாநிலத்திடம் போகாது.

எனக்கு மனம் ஆறாத விஷயம், இதற்கு மாநிலம் காட்டிய பதில். 2021 மே மாத பட்ஜெட்டில் சட்டமன்றம் ஆளுநர் கெவின் ஸ்டிட்டுக்கு ஒரு கோடி டாலர் ஒதுக்கியது, பழங்குடி நாடுகளோடு வழக்காட. (இங்கே ஆளுநர் என்பவர் மக்கள் தேர்ந்தெடுப்பவர், நம் ஊர் முதல்வர் மாதிரி. இவர் செரோகி நாட்டின் குடிமகனும்கூட.) மாநிலத்துக்கு வாதாடத் தனியாக அட்டர்னி ஜெனரல் இருக்கிறார், அவருக்கென்று ஓர் அலுவலகமே இருக்கிறது. அதற்கு மேல்தான் இந்தப் பணம். மெக்கர்ட்டில் பெரும்பான்மைப் பக்கம் நின்ற நீதிபதி கின்ஸ்பர்க் 2020 செப்டம்பரில் இறந்து, அவர் இடத்துக்கு ஏமி பாரெட் வந்து ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. ஆள் மாறினால் தீர்ப்பும் மாறும் என்று போட்ட கணக்காகத்தான் எனக்குப் படுகிறது. தீர்ப்பையே திருப்பக் கேட்டு நாற்பதுக்கும் மேற்பட்ட மனுக்கள் வாஷிங்டனுக்குப் போயின.

கிடைத்தது என்ன? மெக்கர்ட்டை மறுபடி விசாரிக்க உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. காஸ்ட்ரோ-ஹுவர்ட்டா என்ற ஒரே வழக்கில், ஒரே கேள்வியை மட்டும் எடுத்தது. 2022 ஜூன் 29 அன்று மறுபடியும் ஐந்துக்கு நான்கு: பூர்வகுடியினருக்கு எதிராக வேறொருவர் குற்றம் செய்தால் மாநிலமும் வழக்குத் தொடரலாம். மாநிலத்துக்கு அது வெற்றிதான், மறுக்கவில்லை. பழங்குடி அதிகாரத்தில் அது பெரிய வெட்டு. ஆனால் எல்லை அப்படியே நிற்கிறது. என் மேசைக்கு வந்த லேப்டாப் திருட்டு மாதிரி, பூர்வகுடியினர் மேல் வரும் வழக்குகளில் அந்தப் பணத்தால் எதுவும் மாறவில்லை.

இதே சட்டமன்றத்துக்கு வேறு வழியும் தெரியும். 2004இல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த சூதாட்ட ஒப்பந்தத்தின்படி, பழங்குடி நாடுகள் கசினோ வருமானத்தில் ஒரு பங்கை மாநிலத்துக்குக் கட்டுகின்றன. 2019 வாக்கில் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 15 கோடி டாலர், பெரும்பகுதி பள்ளிக்கூடங்களுக்குப் போகிறது. அந்த ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டது என்று ஆளுநர் சொல்ல, பழங்குடி நாடுகள் போட்ட வழக்கில், இல்லை, தானாகவே புதுப்பிக்கப்பட்டுவிட்டது என்று 2020 ஜூலையில் கூட்டாட்சி நீதிபதி தீர்த்துவைத்தார். அதே மாதம், ஆளுநர் தன்னிச்சையாகப் போட்ட வேறு இரண்டு ஒப்பந்தங்கள் செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றத்தில் வென்றவர்கள் சட்டமன்றத் தலைவர்களே. 2023இல் புகையிலை, வாகனப் பதிவு ஒப்பந்தங்களை நீட்டிக்க ஆளுநரின் வீட்டோவைத் தூக்கிப் போட்டதும் இந்தச் சட்டமன்றம்தான். ஒரு கையால் உறவைக் காப்பாற்றியவர்கள், இன்னொரு கையால் சண்டைக்குப் பணம் கொடுத்தார்கள். செரோகி, மஸ்கோகி மக்களும் இந்த மாநிலத்துக்கு வரி கட்டுகிறவர்கள். தங்களுக்கு எதிரான வழக்குக்கும் அவர்கள் காசு போகிறது. இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

உண்மையில் தெருவில் வேலை நடப்பது வழக்குகளால் இல்லை, பரஸ்பர அதிகாரப் பத்திரங்களால். நகரக் காவலரும் மஸ்கோகி காவலரான லைட்ஹார்ஸும் ஒருவர் எல்லைக்குள் மற்றவர் கைது செய்ய அனுமதி தரும் காகிதம் அது. டல்சாவில் அந்தத் திருடன் அன்று இரவே பிடிபட்டதற்குக் காரணம் அதுதான்.

அந்தத் தம்பதிக்கு மூன்று விஷயம் சொல்லி அனுப்பினேன். கடிதத்தில் உள்ள வழக்கு எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மஸ்கோகி நாட்டின் தலைநகரம் ஓக்மல்கி; அங்கே நீதிமன்ற எழுத்தரிடம் போன் போட்டு, பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் விசாரணை நாளைத் தெரிவிக்கச் சொல்லுங்கள். லேப்டாப் பில்லையும் கண்ணாடி மாற்றிய ரசீதையும் இழப்பீடு கேட்கப் பத்திரப்படுத்துங்கள். இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் கூப்பிட்டார். வாய்தா தேதி வந்துவிட்டதாம், காரில் முக்கால் மணி நேரம்தானாம்.