கூப்பன் கடையும் யப்பான் குண்டும்

தமிழ்நாட்டில் ரேஷன் கடை என்பதை இலங்கையில் நாங்கள் கூப்பன் கடை என்போம். கூட்டுறவுச் சங்கம் நடத்தியதால் சங்கக்கடை என்றும் பெயர். திருகோணமலையில் எழுபது வயது தாண்டிய எவரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கூப்பன் அரிசி, கூப்பன் சீனி, கூப்பன் புத்தகம் என்று சொற்கள் வரிசையாக வரும். பேரப்பிள்ளைக்கோ கூப்பன் என்றால் கைபேசியில் விலை குறைக்கிற ஓர் எண். இரண்டும் ஒரே சொல்தான்.

பிறந்த இடம் பிரெஞ்சு மொழி. அங்கே 'கூப்பே' என்றால் வெட்டுதல், 'கூப்போன்' என்றால் வெட்டியெடுத்த துண்டு. ஐரோப்பாவில் கடன் பத்திரங்களோடு சின்னச் சின்னக் கட்டங்களையும் சேர்த்து அச்சிட்டிருப்பார்கள். வட்டித் தவணை வந்ததும் ஒரு கட்டத்தை வெட்டிக் கொடுத்தால் காசு கிடைக்கும். அந்தத் துண்டைத்தான் கூப்பன் என்றார்கள். ஆங்கிலம் அதை வாங்கிக்கொள்ள, ஆங்கிலத்தோடு இங்கே வந்தது. அலுமாரி, பாண் போலப் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல் அல்ல. வயதில் மிக இளையது. ரேஷன் வேறு வழி வந்தது. அதன் வேர் இலத்தீன், பொருள் கணக்கு.

சரி, கடன் பத்திரத்து ஓரத்திலிருந்த துண்டு எங்கள் அடுப்படிக்கு எப்படி வந்தது? யுத்தத்தால் வந்தது.

1939 செப்டெம்பர் 3ஆம் திகதி பிரித்தானியா ஜெர்மனிமீது போர் அறிவித்தது. குடியேற்ற நாடு என்பதால் இலங்கையும் அன்றே போரில் இருந்தது. 1931 முதல் இங்கே சர்வசன வாக்குரிமை உண்டு, அரசாங்க சபை உண்டு, அமைச்சர்களும் உண்டு. ஆனால் பாதுகாப்பும் வெளிவிவகாரமும் பிரித்தானிய அதிகாரிகள் கையில். அமைச்சர்கள் போருக்கு ஒத்துழைத்தார்கள். எதிர்த்த இடதுசாரி லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர்கள் 1940இல் சிறைக்குப் போனார்கள். மற்றவர்களுக்கு அது தூரத்துச் செய்திதான்.

1941 டிசம்பரில் யப்பான் போரில் இறங்கியதும் தூரம் போய்விட்டது. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. பிரித்தானியக் கடற்படைக்குக் கிழக்கில் மிஞ்சிய பெரிய துறைகளில் ஒன்று திருகோணமலை. மார்ச் 8இல் ரங்கூன் விழுந்தது. இந்த இரண்டாவது திகதியைத்தான் நான் அடிக்கோடிடுவேன். தேயிலைக்கும் றப்பருக்கும் மலைகளைக் கொடுத்துவிட்ட இலங்கை அன்று தான் தின்ற அரிசியில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வாங்கியது, பெரும்பாலும் பர்மாவிடம். திருகோணமலைக்குப் பக்கத்திலேயே தம்பலகாமத்து வயலும் கண்டளாய்க் குளமும் இருந்தும் நகரத்துச் சோறு ரங்கூன் கப்பலை நம்பியிருந்தது. கப்பல் நின்றது. குண்டு விழ இன்னும் ஒரு மாதம் இருந்தது.

அந்த மாதம் முடிந்தபோது குண்டும் வந்தது. ஏப்ரல் 5 உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு, 9ஆம் திகதி காலை திருகோணமலை. யப்பான் கடற்படைத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. சீனன்குடாக் காட்டுக்குள் வரிசையாக நிற்கும் எண்ணெய்க் குதங்களில் ஒன்று தீப்பற்றி எரிந்தது. யப்பான் விமானமே அதன்மேல் வந்து விழுந்தது என்று இங்கே சொல்வார்கள். துறைமுகத்தை விட்டு முன்னதாகவே வெளியேறியிருந்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கியை மட்டக்களப்புக் கடலில் வைத்து மூழ்கடித்தார்கள்; 300 பேருக்கு மேல் இறந்தார்கள். நகரத்துச் சனம் வீட்டைப் பூட்டிக்கொண்டு உட்பகுதிக் கிராமங்கள் பக்கம் ஓடியது.

யுத்தம் என்றதும் இந்தக் காலையைத்தான் எல்லோரும் பேசுவார்கள். உப்புவெளியில் நிலாவெளி வீதியோரம் இருக்கும் போர்க்கல்லறையை வெளிநாட்டார் வந்து பார்த்துப் போகிறார்கள். யப்பான் விமானம் திருகோணமலைக்கு வந்தது ஒரு காலை. கூப்பன் வந்தது அதே 1942இல், போனது 1979இல்.

அது என்ன மாதிரி இருந்தது? ஆளுக்கொரு புத்தகம், அதில் கட்டம் கட்டமாக வாரத் துண்டுகள். குடும்பத்தில் எத்தனை தலை என்று விதானையார் என்ற கிராமத் தலைமை அலுவலர் உறுதி சொல்ல வேண்டும். எந்தக் கடையில் பதிந்தீர்களோ அந்தக் கடையில்தான் எடுக்கலாம். மனேச்சர் கத்தரிக்கோலால் அந்த வாரத் துண்டை வெட்டி வைத்துக்கொண்டு அரிசியைக் கொத்தால் அளந்து போடுவார். கொத்து என்பது அளவு. அரிசியில் ஏறக்குறைய 2 இறாத்தல் (பவுண்டு). வெட்டிய துண்டுகளை எண்ணிக் கணக்குக் காட்டுவது அவர் பாடு. பிரெஞ்சுக்காரன் வைத்த பெயருக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி கிடையாது. பிள்ளை பிறந்தால் பதிய வேண்டும், ஆள் செத்தால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முதலாவதை ஒருவரும் மறப்பதில்லை. இரண்டாவதைப் பற்றிப் பகிடிகள் நிறைய உண்டு. அரிசி போதாத இடத்தைக் கோதுமை மா நிரப்பியது. பாணும் ரொட்டியும் ஏழை வீட்டுச் சாப்பாடாக வேரூன்றியதில் அந்தப் பஞ்சத்துக்குப் பெரிய பங்கு.

இன்னொரு பக்கம், மலாயாவை இழந்த நேச நாடுகளுக்கு இயற்கை றப்பர் வேண்டியிருந்தது. மரம் பட்டாலும் பரவாயில்லை என்று இலங்கைத் தோட்டங்களில் சீவிப் பால் எடுத்தார்கள். றப்பர் வெளியே போனது, அரிசி உள்ளே வரவில்லை. 1952இல் சீனாவோடு றப்பருக்கு அரிசி என்று ஒப்பந்தம் போட்டபோதும் அரசாங்கத்தின் கவலை அதுவேதான்.

யுத்தம் 1945இல் முடிந்தது. கூப்பன் முடியவில்லை, முடிக்க ஒரு அரசாங்கத்துக்கும் துணிவு வரவில்லை. 1953இல் நிதி அமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தன, கொத்து 25 சதம் விற்ற கூப்பன் அரிசியை 70 சதமாக்கினார். ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால் என்ற நாடளாவிய கடையடைப்பு வெடித்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறி அமைச்சரவை கூட்டம் நடத்தியது. சுதந்திரம் கிடைத்து ஐந்து வருடம் கழித்து! ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். 1970 தேர்தலிலும் இரண்டு கொத்து அரிசி ஒரு பெரிய வாக்குறுதி. கடைசியில் 1979இல், அதே ஜயவர்த்தன ஜனாதிபதியாக இருந்தபோது, கூப்பனுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. அப்புறம் எங்கள் நாட்டுக்குள்ளேயே யுத்தம். முகாமில் இருந்தவர்கள் 'நிவாரணம்' எடுத்தார்கள். பெயர் மாறினாலும் வரிசை மாறவில்லை.

இனித் தமிழில் என்ன சொல்வது? அகராதிகள் சில பற்றுச்சீட்டு என்று தருகின்றன. இலங்கையில் அது சரிவராது. காசு கட்டியபின் கடைக்காரர் எழுதித் தருவதுதான் எங்களுக்குப் பற்றுச்சீட்டு, தமிழ்நாட்டார் சொல்லும் ரசீது. பொருளே தலைகீழாகிவிடும். பங்கீட்டு அட்டை நல்ல சொல். ஆனால் அது முழு அட்டையைக் குறிக்கும், வெட்டும் துண்டை அல்ல.

எனக்குப் பிடித்தது நறுக்கு. ஓலையில் எழுதிய காலத்தில் சிறு துண்டு ஓலையை நறுக்கு என்றார்கள், நறுக்கோலை என்றும் சொல்வதுண்டு. வெட்டுதல் என்ற பொருளும் சீட்டு என்ற பொருளும் அதில் ஏற்கனவே இருக்கின்றன. ஆகவே 1942 பற்றி எழுதும்போது 'பங்கீட்டு நறுக்கு' என்று எழுதலாம், கடன் பத்திரத்தில் வருவதை 'வட்டி நறுக்கு' எனலாம். பேச்சில் கூப்பன் கடையைத் திருத்தப் போக வேண்டாம், ஒருவரும் கேட்கமாட்டார்கள். கைபேசியில் வருவதற்குச் 'சலுகைச் சீட்டு' போதும். அங்கே கத்தரிக்கோலுக்கு வேலையில்லை.