சர்வருக்குப் பூட்டு போட்டாயிற்று, லேப்டாப்புக்கு?

புதிதாக வாடகைக்கு எடுத்த சர்வர் ஒன்றை இணையத்தில் விட்டுவிட்டு, சில மணி நேரம் கழித்து நுழைவு முயற்சிகள் பதிவாகும் அதன் ஆத் லாகைத் திறந்து பாருங்கள். ரூட், அட்மின், டெஸ்ட், ஆரக்கிள் என்று பெயரை மாற்றி மாற்றி யாரோ பாஸ்வேர்டு போட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். உங்கள்மேல் யாருக்கும் பகை இல்லை. ஐபி முகவரிகளை வரிசையாகத் தட்டிக்கொண்டு போகும் ஸ்கிரிப்ட்கள்தாம் அவை. பராமரிப்புக்காக எங்களிடம் வருபவர்கள் பெரும்பாலும் இந்த லாகைப் பார்த்துத்தான் பயந்து வருகிறார்கள். பாஸ்வேர்டு நுழைவையே மூடி, சாவிக் கோப்பு வைத்திருப்பவரை மட்டும் உள்ளே விட்டால் இந்தத் தட்டலால் ஒன்றும் ஆகாது. எனக்குக் கவலை அவர்கள் கையில் இருக்கும் லேப்டாப்தான்.

1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாட்டு யூலோனென், தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சை எழுதக் காரணமே, அங்கே யாரோ நெட்வொர்க்கில் பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டதுதான். அதற்கு முந்தைய வழியான டெல்நெட்டில் எல்லாம் அப்பட்டமாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. நடுவழியில் ஒட்டுக்கேட்பதை எஸ்எஸ்ஹெச் தடுத்துவிட்டது. இரண்டு முனைகளையும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சர்வர். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கில் நேரடியாக நுழைவதைத் தடுங்கள், பாஸ்வேர்டை நிறுத்துங்கள், யார் யார் நுழையலாம் என்று பயனர் பெயர்களைக் குறிப்பிடுங்கள். இதை எல்லாரும் சொல்வார்கள். சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. உபுண்டு கிளவுட் சர்வர்கள் பலவற்றில், முதன்மை கான்ஃபிக் கோப்பில் பாஸ்வேர்டுக்கு 'நோ' என்று எழுதி, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தபின்னும் பாஸ்வேர்டு கேட்கும். காரணம், பக்கத்து ஃபோல்டரில் '50-கிளவுட்-இனிட்' என்று ஒரு குட்டிக் கோப்பு 'யெஸ்' என்று சொல்லிக்கொண்டிருக்கும். சர்வரில் ஓடும் எஸ்எஸ்ஹெச் நிரலான எஸ்எஸ்ஹெச்டி, ஒரு அமைப்புக்கு முதலில் படித்த மதிப்பையே எடுத்துக்கொள்ளும். அந்த ஃபோல்டரைச் சேர்க்கும் வரியோ முதன்மைக் கோப்பின் தலைப்பிலேயே இருக்கிறது. நீங்கள் கீழே எழுதியது வெறும் அலங்காரம். ஆகவே கோப்பைப் படித்து நம்ப வேண்டாம். உங்கள் சாவி இல்லாத இன்னொரு கணினியிலிருந்து நுழைந்து பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் கதவு திறந்துதான் இருக்கிறது.

இதையெல்லாம் மாற்றும்போது, ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினலை மூடாதீர்கள். புது விண்டோவில் நுழைய முடிகிறது என்று உறுதியான பிறகு மூடினால் போதும்.

எஸ்எஸ்ஹெச் வழக்கமாகப் பயன்படுத்தும் 22ஆம் போர்ட்டை மாற்றலாமா என்று கேட்பார்கள். மாற்றினால் லாகில் சத்தம் குறையும், அவ்வளவுதான். ஆனால் அப்டேட்டைத் தள்ளிப்போடுவது வேறு விஷயம். 2024 ஜூலையில் சர்வர்களில் ஓடும் எஸ்எஸ்ஹெச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சிலேயே 'ரெக்ரெஷன்' என்ற ஓட்டை வெளிவந்தது. பாஸ்வேர்டோ சாவியோ இல்லாமலே ரூட் அதிகாரம் வரை போகக்கூடிய வகை அது. அதற்கு மருந்து பேட்ச் போடுவதுதான்.

சரி, லேப்டாப்புக்கு வருவோம். சாவி என்பது இரண்டு கோப்புகள்: உங்களிடமே இருக்கும் பிரைவேட் கீ, சர்வரில் வைக்கும் பப்ளிக் கீ. உருவாக்கும்போது, பிரைவேட் கீயைப் பூட்ட ஒரு ரகசியச் சொற்றொடர் (பாஸ்ஃப்ரேஸ்) கேட்கும். அநேகம் பேர் இரண்டு முறை என்டர் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அப்படி உருவான பிரைவேட் கீ ஒரு சாதாரணக் கோப்பு. அதை நகலெடுத்த எவரும் நீங்கள்தான். கிராக் மென்பொருளோடு வரும் திருட்டு நிரல்கள் தேடுகிற இடங்களில் எஸ்எஸ்ஹெச் ஃபோல்டரும் ஒன்று. இன்னும் மோசம், பிரைவேட் கீ இருக்கும் அந்த .பெம் கோப்பை 'டீம் எல்லாருக்கும்' என்று வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது. குரூப்பில் இருந்த அத்தனை போன்களிலும், அவற்றின் பேக்கப்களிலும் உங்கள் சர்வரின் சாவி கிடக்கும். ஆளுக்கொரு சாவி, அந்தந்த ஆளின் கணினியிலேயே உருவாக்கியது, சர்வருக்குப் போவது பப்ளிக் கீ மட்டும். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. பழைய சாவிக்கும் பாஸ்ஃப்ரேஸ் போடலாம். எஸ்எஸ்ஹெச்-கீஜென் கட்டளையில் அதற்கு வழி உண்டு, சர்வரில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஒவ்வொரு தடவையும் தட்டச் சோம்பலாக இருந்தால் லேப்டாப்பில் ஓடும் ஏஜென்ட் என்ற துணை நிரல் சாவியை நினைவில் வைத்துக்கொள்ளும்.

அந்த ஏஜென்ட்டிலும் ஒரு வம்பு உண்டு. ஒரு சர்வர் வழியாக இன்னொன்றுக்குப் போக, லேப்டாப்பின் ஏஜென்ட்டை இடையிலுள்ள சர்வரும் பயன்படுத்த விடும் ஏஜென்ட் ஃபார்வர்டிங்கைப் போட்டுவிடுகிறோம். இடையிலிருக்கும் சர்வரில் ரூட் அதிகாரம் உள்ள எவரும், நீங்கள் இணைந்திருக்கும்வரை, உங்கள் சாவியைப் பயன்படுத்தி உங்கள் பெயரில் வேறு சர்வர்களுக்குப் போகலாம். 2019 ஏப்ரலில் மேட்ரிக்ஸ்.ஆர்க் என்ற செய்திப் பரிமாற்றத் தளத்தில், ஜென்கின்ஸ் என்ற தானியங்கி பில்ட் மென்பொருளின் ஓட்டை வழியாக நுழைந்தவர் இந்த ஃபார்வர்டிங்கைப் பிடித்துத்தான் உள்ளே மேலும் பரவினார். அதற்குப் பதில் எஸ்எஸ்ஹெச்சிலேயே இருக்கும் ப்ராக்ஸிஜம்ப் என்ற வசதி போதும். இடைப்பட்ட சர்வர் இணைப்பை அப்படியே முன்னே அனுப்பிவிடும், ஏஜென்ட்டைத் தொடாது.

அப்புறம், அதே சர்வர்தானா என்று அடையாளம் காட்டும் ஹோஸ்ட் கீ மாறிவிட்டது என்று திரை முழுக்க வரும் அந்த எச்சரிக்கை. பழைய வரியை அழித்துவிட்டு 'யெஸ்' அடிப்பது பலருக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. சர்வரை மறுபடி நிறுவியிருந்தால் எச்சரிக்கை வருவது இயல்பு. நிறுவியவரிடம் ஒரு போன் போட்டுக் கேட்க வேண்டியதுதான். 2023 மார்ச்சில் நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பின் ஆர்எஸ்ஏ வகை ஹோஸ்ட் கீ தவறுதலாக ஒரு பொது ரெபாசிட்டரியில் வெளிப்பட, அவர்கள் அதை மாற்றினார்கள். அப்போதும் புதிய சாவியின் சுருக்க அடையாளமான ஃபிங்கர்பிரின்ட்டைத் தங்கள் தளத்தில் போட்டிருந்தார்கள். அதோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேரோ.

வேலையை விட்டுப் போனவர்களின் சாவிகளையும் பாருங்கள். லினக்ஸ் கணக்கில் பாஸ்வேர்டைப் பூட்டிவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்தப் பூட்டு சாவியைத் தடுக்காது. அனுமதிக்கப்பட்ட சாவிகளைச் சர்வரில் பட்டியலிடும் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பில், வரியின் கடைசியில் வழக்கமாக ஒரு பெயர் இருக்கும். அடையாளம் தெரியாத வரி என்றால் யாருடையது என்று கேளுங்கள், பதில் வராவிட்டால் நீக்குங்கள். ரூட்டின் கோப்பையும் நிரலைச் சர்வரில் ஏற்றும் டிப்ளாய் கணக்கின் கோப்பையும் மறந்துவிடாதீர்கள், பழைய சாவிகள் பதுங்கும் இடம் அங்கேதான். சாவியை நீக்கினாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வு அறுந்துவிடாது. 'ஹூ' என்று அடித்து, அவர் பெயரில் யாராவது உள்ளே இருந்தால் அந்த அமர்வையும் துண்டித்துவிடுங்கள்.