டிஎன்ஏ சர்க்கரையும் இரண்டாவது ஊசியும்

மரபணுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் என்னிடம் நோயாளிகள் திரும்பத் திரும்பக் கேட்பது இரண்டு கேள்விகள். "எனக்குச் சர்க்கரை நோய். டிஎன்ஏவிலும் சர்க்கரை இருக்கிறதாமே, அதுவும் கூடுமா?" "நேற்றுதானே ரத்தம் எடுத்தீர்கள், மறுபடியும் ஏன்?"

முதல் பயம் வேண்டாம். ரத்தத்தில் நாம் அளக்கும் குளுக்கோஸில் 6 கார்பன். டிஎன்ஏ, அதைப் பார்த்து செல் எழுதிக்கொள்ளும் நகலான ஆர்என்ஏ, இரண்டிலும் இருப்பவை 5 கார்பன் சர்க்கரைகள். இழையின் முதுகெலும்பாகக் கட்டப்பட்டவை. ரத்தச் சர்க்கரை ஏறினால் அவை கூடுவதில்லை.

இரண்டாவது கேள்விக்கான பதில் அந்தச் சர்க்கரையிலேயே இருக்கிறது. ஆர்என்ஏவில் இருப்பது ரைபோஸ். டிஎன்ஏவில் இருப்பது டிஆக்ஸிரைபோஸ், அதாவது ஓர் ஆக்ஸிஜன் குறைந்த ரைபோஸ். ரைபோஸின் இரண்டாம் கார்பனில் ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு கிளை இருக்கும். டிஆக்ஸிரைபோஸில் அங்கே வெறும் ஹைட்ரஜன்தான். வேதியியலாளர் ஃபீபஸ் லெவீன் ரைபோஸை 1909இல் அடையாளம் கண்டார். டிஆக்ஸிரைபோஸ் பிடிபட 1929 வரை ஆனது.

ரைபோஸின் அந்தச் சின்னக் கிளை சும்மா இருக்காது. சர்க்கரைகளைக் கோக்கும் பக்கத்துப் பாஸ்பேட் இணைப்பைத் தாக்கி, தான் இருக்கும் இழையையே அறுத்துவிடும். காரத்தன்மை இருந்தால் இன்னும் வேகம். ஆர்என்ஏவை வெட்டும் ஆர்என்ஏஸ் நொதிகளும் இதே கிளையைத்தான் பயன்படுத்துகின்றன. அவை நம் விரல் நுனியில், எச்சிலில், ரத்தத்திலேயே இருக்கின்றன. சில கொதிக்க வைத்தாலும் எளிதில் சாவதில்லை. அதனால்தான் நாங்கள் கையுறையை அடிக்கடி மாற்றுகிறோம், பிரித்தெடுத்த ஆர்என்ஏவை மைனஸ் 80 டிகிரியில் வைக்கிறோம். செல்லுக்கு இது வசதிதான். வேலை முடிந்த செய்தியான ஆர்என்ஏ அழிய வேண்டும், மூலப்பிரதியான டிஎன்ஏ ஆயுள் முழுக்க நிற்க வேண்டும்.

சரி, உங்கள் ரத்தத்துக்கு வருவோம். பரம்பரை ரத்த நோயான தலசீமியாவின் மரபணுவைப் பார்க்க டிஎன்ஏ போதும். மாதிரி குளிர்பெட்டியில் சில நாள் இருந்தாலும் பெரும்பாலும் சமாளிக்கலாம். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்கும் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) பரிசோதனை அப்படியல்ல, அது அந்த நோய்க்குரிய மரபணுவின் ஆர்என்ஏவை எண்ணுவது. ஒருமுறை ஒரு நோயாளியின் மாதிரி விடுமுறை நாட்களில் எங்கேயோ தங்கி, தாமதமாக வந்து சேர்ந்தது. நோயின் ஆர்என்ஏ தென்படவே இல்லை. நல்ல செய்தி போலத் தெரிந்தது. ஆனால் எல்லோருக்கும் இருக்க வேண்டிய ஒப்பீட்டு மரபணுவின் ஆர்என்ஏவும் மிகக் குறைவாகவே இருந்தது. நோய் குறையவில்லை, மாதிரிதான் சிதைந்திருந்தது. அதை அப்படியே அறிக்கையாக அனுப்பியிருந்தால் மருத்துவரின் முடிவே தவறியிருக்கும். மறுபடி ரத்தம் கேட்டோம். அவர் கோபப்பட்டார், காரணத்தைச் சொன்னதும் கையை நீட்டினார்.

அதனால் ரத்தம் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்: இது ஆர்என்ஏ பரிசோதனையா, எத்தனை மணி நேரத்துக்குள் கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும், நாளை விடுமுறையா? ஆர்என்ஏ என்றால் வாரத் தொடக்கத்தில், காலையிலேயே கொடுப்பது நல்லது.